வீட்டு ஃப்ரிட்ஜை மோட்டார்ஹோம்ல வச்சா தாங்குமா? பேட்டரி கணக்கு, சூடு, குலுக்கல்னு ஒரு முழு விளக்கம்

பழைய வேன், லோரி, மினி பஸ்ஸை வாங்கி உள்ள கட்டில், அடுப்பு, சிங்க் எல்லாம் போட்டு மோட்டார்ஹோமா மாத்துற பழக்கம் மலேசியாவுல கே.எல்., பினாங்கு ரெண்டு பக்கமும் நல்லா பரவிடுச்சு, வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சதும் ஜண்டா பாயிக், போர்ட் டிக்சன், தெலுக் பஹாங்னு குடும்பத்தோட கிளம்பிடுறாங்க. எல்லாம் செட் பண்ணிட்டு கடைசியில மாட்டிக்கிறது ஃப்ரிட்ஜ்லதான். 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் விலையைக் கேட்டா தலை சுத்துது, அதே சைஸ் வீட்டு ஃப்ரிட்ஜ் அதுல பாதி விலைகூட இல்ல. கடைக்காரர் "தாராளமா ஓடும் பாஸ்"ங்கிறாரு, வயரிங் பண்றவரு "ஒரே ராத்திரியில பேட்டரி செத்துடும்"ங்கிறாரு.

ரெண்டு பேர் சொல்றதும் பாதி பாதி சரி. வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடும், அதுல சந்தேகமே வேணாம், ஆனா பேட்டரியைத் தின்னுறது ஃப்ரிட்ஜ் மட்டும் இல்ல, அதைச் சுத்தி நாம மாட்டுற சாமான்களும்தான். அதை அடியில இருந்து பாப்போம்.

வண்டியில வைக்கிற ஃப்ரிட்ஜ் மூணு வகை

1. அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ். கம்ப்ரெசரே கிடையாது. அமோனியா, தண்ணி, ஹைட்ரஜன் மூணையும் குழாய்க்குள்ள அடைச்சு, ஒரு பக்கம் சூடு காட்டினா இன்னொரு பக்கம் குளிரும். 1922-ல ஸ்வீடன்ல பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்ட்டர்ஸ்னு ரெண்டு மாணவர்கள் கண்டுபிடிச்சது. கேஸ்லயும் ஓடும் கரண்ட்லயும் ஓடும்ங்கிறதால அமெரிக்கா, ஐரோப்பா மோட்டார்ஹோம்கள்ல பல வருஷமா இதுதான் ராஜாவா இருந்துச்சு. நம்ம ஊருக்கு ரெண்டு தொல்லை: வண்டி சமமா நிக்கலன்னா சரியா வேலை செய்யாது, வெளிச் சூடு ஏறினா திணறும். மத்தியானம் 35 டிகிரி வெயில்ல உள்ள 5 டிகிரிக்கு இறக்குறது அதுக்கு பெரிய பாடு.

2. 12 வோல்ட் கம்ப்ரெசர் ஃப்ரிட்ஜ். பேட்டரியில நேரா மாட்டுறது. நடுவுல எதுவும் வேணாம். கரண்ட் கம்மியா எடுக்கும், சாய்ஞ்சு நின்னாலும் குளிரும், குலுக்கலுக்குன்னே செஞ்சது. விலை மட்டும்தான் குறை.

3. வீட்டு ஃப்ரிட்ஜ். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், சுவத்துல மாட்டுற மூணு கால் பிளக். பேட்டரியில ஓட்டணும்னா 12 வோல்ட் டி.சி.யை (பேட்டரி கரண்டை) 230 வோல்ட் ஏ.சி.யா (வீட்டுக் கரண்டா) மாத்துற இன்வெர்ட்டர் பெட்டி நடுவுல வேணும்.

அமெரிக்காவுல முதல் வகையில தீ ஆபத்துன்னு 2006, 2010 வருஷங்கள்ல பெரிய ரீகால் எல்லாம் நடந்துச்சு, அதுக்கப்புறம் நிறைய பேர் அதைக் கழட்டிட்டு வீட்டு ஃப்ரிட்ஜைப் பொருத்த ஆரம்பிச்சாங்க. யூடியூப்ல நாம பாக்குற வீடியோ பாதி அந்த ஊரு கதைதான். அங்க 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், போற இடமெல்லாம் கரண்ட் பாயிண்ட் வச்ச ஆர்.வி. பார்க் (மோட்டார்ஹோம் நிப்பாட்டுற இடம்) இருக்கு, ராத்திரி ஆனா பிளக்கைச் செருகிட்டு தூங்கிடுவாங்க. நம்ம ஊரு ஆத்தோர கேம்ப்சைட்ல அந்த வசதி எத்தனை இடத்துல இருக்கு? அதனால அங்க சரிப்பட்டு வந்த பேட்டரி கணக்கை அப்படியே இங்க எடுத்துக்க முடியாது.

இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ் வேற, பேட்டரி இன்வெர்ட்டர் வேற

ஃப்ரிட்ஜ் கதவுல "இன்வெர்ட்டர்"னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைப் பாத்துட்டு நேரா பேட்டரியில மாட்டலாம்னு நினைக்கிற ஆளுங்க நிஜமாவே இருக்காங்க. மாட்ட முடியாது. அந்த ஸ்டிக்கர் சொல்றது கம்ப்ரெசர் மோட்டார் தன் வேகத்தைக் கூட்டிக் குறைச்சுக்கும்ங்கிறதை மட்டும்தான், அதுக்கும் 230 வோல்ட்தான் கொடுக்கணும், தனியா ஒரு இன்வெர்ட்டர் பெட்டி வாங்கியே ஆகணும்.

ஆனா வண்டிக்கு எடுக்கிறதா இருந்தா அந்த ஸ்டிக்கர் இருக்கிற ஃப்ரிட்ஜ்தான் நல்லது. பழைய மாடல் கம்ப்ரெசர் ஓடும்போது 100, 120 வாட்தான் எடுக்கும், ஆனா ஸ்டார்ட் ஆகிற அந்த ஒரு நொடிக்குள்ள அதைப் போல பல மடங்கு இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர்னா கீய்னு கத்திட்டு கட் ஆயிடும். வேகம் மாறுற கம்ப்ரெசர் மெதுவா கிளம்பி மெதுவா ஏறும், அந்த இழுப்பு பெருசா இருக்காது.

பேட்டரி இன்வெர்ட்டர் வாங்கும்போது ப்யூர் சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலையா கொடுக்கிறது) மட்டும் வாங்குங்க. மலிவா கிடைக்கிற மாடிஃபைட் சைன் வேவ்ல மோட்டார் சூடாகும், உறுமும், எலக்ட்ரானிக் போர்டு வச்ச ஃப்ரிட்ஜ்னா போர்டே போயிடலாம். இதுல மிச்சம் பிடிக்கிற காசு பின்னால ரிப்பேருக்குப் போயிடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்ட்?

முக்கியமான பகுதி இதுதான். எல்லாரும் "ஃப்ரிட்ஜ் எத்தனை வாட்?"னு கேக்குறாங்க. அந்தக் கேள்வியே உதவாது, கம்ப்ரெசர் விட்டு விட்டு ஓடும், வேகமும் மாறும். கேக்க வேண்டியது 24 மணி நேரத்துல மொத்தம் எத்தனை வாட்-அவர்ங்கிறதைத்தான் (ஒரு வாட் எடுக்கிற சாமான் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு வாட்-அவர்).

அதைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேணாம். மலேசியாவுல விக்கிற ஃப்ரிட்ஜ்ல சுருஹான்ஜாயா தெனாகாவோட (எரிசக்தி ஆணையம்) ஸ்டார் லேபிள் ஒட்டியிருக்கும், அதுல வருஷத்துக்கு எத்தனை கிலோவாட்-அவர்னு ஒரு நம்பர் இருக்கும். உதாரணத்துக்கு 292-ன்னு வச்சுக்குவோம்.

1. 292-ஐ 365-ஆல வகுத்தா 0.8. அதாவது நாளைக்கு 800 வாட்-அவர்.

2. இது லேப்ல எடுத்த கணக்கு. வண்டிக்குள்ள சூடு, பிள்ளைங்க கதவைத் தொறந்து தொறந்து பாக்குறது எல்லாம் சேர்த்து ஒரு 30 விழுக்காடு கூட்டிக்கிறது புத்திசாலித்தனம். 1,040 ஆச்சு.

3. 12-ஐ 230-ஆ மாத்துறப்ப இன்வெர்ட்டர் கொஞ்சம் கரண்டை சூடா வீணாக்கும். அதுக்கு 8 விழுக்காடுன்னு போட்டா சுமார் 1,130.

4. இப்ப எல்லாரும் மறக்கிறது. ஃப்ரிட்ஜ் ஓடினாலும் ஓடாட்டியும் இன்வெர்ட்டர் ஆன்ல இருந்தாலே தனக்குன்னு கொஞ்சம் எடுத்துக்கிட்டே இருக்கும், நின்ன டாக்சியில மீட்டர் ஓடுற மாதிரி. 15 வாட்னு வச்சாலும் 24 மணி நேரத்துல 360 வாட்-அவர். மொத்தம் இப்ப 1,490.

5. பேட்டரி அளவைச் சொல்றது ஆம்பியர்-அவர்ல, வாட்-அவரை வோல்ட்டால வகுத்தா அது வரும். 12.8 வோல்ட் லித்தியம் பேட்டரியில அது 116 ஆம்பியர்-அவர். ஒரே ஒரு நாளைக்கு.

நாலாவது பாயிண்ட்டை நல்லா கவனிங்க. "எதுக்கும் இருக்கட்டும்"னு 3,000 வாட் இன்வெர்ட்டர் வாங்கி மாட்டுனா அதோட ஐடில் செலவே 30, 40 வாட் போகலாம், நாள் முழுக்க கணக்குப் பாத்தா 700-ல இருந்து 950 வாட்-அவர், கிட்டத்தட்ட இன்னொரு ஃப்ரிட்ஜ்! குளிரவும் வைக்காது ஒண்ணும் வைக்காது, சும்மா சூடாகிக்கிட்டு இருக்கும். அதனால ரைஸ் குக்கர், கெட்டிலுக்கு பெரிய இன்வெர்ட்டர் தேவைன்னா அது தனியா இருக்கட்டும், தேவைப்படுறப்ப மட்டும் ஆன் பண்ணுங்க, ஃப்ரிட்ஜுக்குன்னு 600-ல இருந்து 1,000 வாட் வரைக்கும் சின்னதா ஒண்ணு தனியா மாட்டுங்க. வாங்குறதுக்கு முன்ன ஸ்பெக் ஷீட்ல "நோ லோட்" கரண்ட் எவ்வளவுன்னு பாருங்க, ஜாலான் பசார்ல கடைக்குக் கடை ஏறி இறங்குறப்ப வாட் விலையை மட்டும் பேரம் பேசிட்டு இதைக் கேக்காம வந்துடாதீங்க.

சில இன்வெர்ட்டர்ல பவர் சேவிங் மோட் இருக்கும், லோட் இல்லன்னா தூங்கிட்டு அப்பப்ப முழிச்சுப் பாக்கும். திருகுற தெர்மோஸ்டாட் வச்ச பழைய ஃப்ரிட்ஜுக்கு அது ஒத்து வரலாம். டிஸ்ப்ளே, போர்டுன்னு இருக்கிற புது ஃப்ரிட்ஜுக்கு ஒத்து வராது. அதே மாதிரி தூக்கிட்டுப் போற பவர் ஸ்டேஷன்லயும் (பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில இருக்கிறது) ஒரு கண்ணி இருக்கு: லோட் ரொம்பக் கம்மியா இருந்தா கொஞ்ச நேரம் கழிச்சு ஏ.சி. அவுட்புட்டைத் தானே அணைச்சுடுற செட்டிங் பல மாடல்ல இருக்கும். ராத்திரி ஃப்ரிட்ஜ் ஓய்வுல இருக்கிறப்ப அது அணைஞ்சு, காலையில பாத்தா மீனெல்லாம் நாறிப் போயிருக்கும். அந்த செட்டிங்கை முதல்ல ஆஃப் பண்ணிடுங்க.

எந்த பேட்டரி, எத்தனை?

1,490 வாட்-அவர்ங்கிற நம்பரை வச்சுப் பாருங்க.

1. லெட் ஆசிட் 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில பாதிக்கு மேல இறக்கினா ஆயுசு போயிடும். அப்ப கைக்கு வர்றது 600 வாட்-அவர்தான். ஒரு நாளைக்கே ரெண்டு பத்தாது, மூணு வேணும். வெயிட் வேற.

2. லித்தியம் ஐயன் பாஸ்பேட் 200 ஆம்பியர்-அவர்ல 80 விழுக்காடு எடுத்தா சுமார் 2,050. ஒரு நாள் முழுசா போய், அடுத்த நாள் காலை வரைக்கும் தாங்கும்.

ஒப்பிட்டுப் பாக்கணும்னா, 130 லிட்டர் சுத்தி இருக்கிற 12 வோல்ட் கம்ப்ரெசர் ஃப்ரிட்ஜ் நம்ம சூட்டுல நாளைக்கு 40-ல இருந்து 60 ஆம்பியர்-அவர்ல முடிச்சுடும். வீட்டு ஃப்ரிட்ஜ்ல மிச்சம் பிடிச்ச வெள்ளி பேட்டரியில போகுதுங்கிறது இதனாலதான். ஃப்ரிட்ஜ் விலையை ஃப்ரிட்ஜ் விலையோட ஒப்பிடாதீங்க, பேட்டரி, இன்வெர்ட்டர், கேபிள் எல்லாம் சேர்த்து மொத்த பில்லைப் பாருங்க.

செலவானதை எப்படி நிரப்புறது?

ஓட்டம்: இன்ஜின் ஆல்டர்னேட்டர்ல இருந்து வண்டி ஓடுறப்ப இந்த பேட்டரியை நிரப்புற 30 ஆம்பியர் டி.சி. டு டி.சி. சார்ஜர் போட்டிருந்தா ஏறக்குறைய 400 வாட் வரும். கே.எல்.லேர்ந்து பினாங்கு 350 கிலோமீட்டர், நாலு மணி நேர ஓட்டம்னா 1,600 வாட்-அவர் உள்ள வந்துடும், ஃப்ரிட்ஜோட ஒரு நாள் பாடு அதுலயே தீர்ந்துடுது. (தைப்பூசத்துக்கு முந்தின நாள் கிளம்பி பிளஸ் ஹைவேல எட்டு மணி நேரம் ஊர்ந்தா இன்னும் கூட வரும்னு சந்தோஷப்பட வேணாம், இன்ஜின் ஐடில்ல இருக்கிறப்ப சில ஆல்டர்னேட்டர் அந்த அளவுக்குக் கொடுக்காது.) ஓடுற நாள்ல யாருக்குமே ஃப்ரிட்ஜ் பிரச்சனை இல்ல. பிரச்சனை எல்லாம் வண்டியை நிப்பாட்டிட்டு ரெண்டு மூணு நாள் உக்காந்திருக்கிறப்பதான்.

சோலார்: அங்கதான் இது தேவை. கூரையில 400 வாட் பேனல் படுக்க வச்சா, நம்ம நாட்டு வெயிலுக்கு நாளைக்கு நாலு மணி நேர முழு வெயில்னு எடுத்துக்கிட்டு, சூடு, தூசி, வயர் நஷ்டமெல்லாம் கழிச்சா 1,200 வாட்-அவர் கிடைக்கும். தேவை 1,490. துண்டு விழுறது 290-தான், அதை பேட்டரி பல நாள் சமாளிக்கும். ஆனா மழை பிடிச்சா? பேனல் மூணுல ஒரு பங்குகூட தராம போகலாம், அப்ப ரெண்டாம் நாளே பேட்டரி காலி. பருவ மழைக் காலத்துல கிழக்குக் கரை பக்கம், இல்ல மரத்தடியில நிழல் பாத்து நிப்பாட்டுற ஆளா இருந்தா சோலாரை நம்பி வீட்டு ஃப்ரிட்ஜ் வைக்காதீங்க. நிழல்ல நின்னா ஃப்ரிட்ஜுக்கு நல்லது பேனலுக்குக் கெட்டது, வெயில்ல நின்னா பேனலுக்கு நல்லது ஃப்ரிட்ஜுக்குக் கெட்டது, இந்த இழுபறி எந்த மோட்டார்ஹோம்லயும் தீராது.

வெளிக் கரண்ட்: கேம்ப்சைட்ல 13 ஆம்பியர் பாயிண்ட் கிடைச்சா ஃப்ரிட்ஜுக்கு அது ஏராளம். ரீல் எக்ஸ்டென்ஷனை முழுசா அவுத்து விரிச்சுட்டு மாட்டுங்க, சுருட்டி வச்ச வயர்ல ஏர்கோன், கெட்டில்னு சேர்த்து மாட்டினா உருகிடும்.

சாமானைச் சூடா ஏத்தாதீங்க. ஒரு லிட்டர் தண்ணியை 30 டிகிரியில இருந்து 4-க்கு இறக்க 30 வாட்-அவர் அளவு சூட்டை வெளிய எடுக்கணும். ஒரு டஜன் 1.5 லிட்டர் பாட்டிலை அப்படியே உள்ள அடுக்கினா 540 வாட்-அவர் சூடு, கம்ப்ரெசருக்கு மட்டும் 300 பக்கம் போயிடலாம். கிளம்புறதுக்கு முந்தின நாளே வண்டியை வாசல்ல நிப்பாட்டி டி.என்.பி. (வீட்டு) கரண்ட்ல ஃப்ரிட்ஜை ஓட விட்டு, இட்லி மாவு, தயிர், மசாலா தடவின கோழி, தண்ணி எல்லாத்தையும் சில்லுன்னு ஆக்கிட்டு கிளம்புங்க.

சூடும் காத்தோட்டமும்

ஃப்ரிட்ஜுக்குப் பின்னால இருக்கிற ஸ்டிக்கர்ல கிளைமேட் கிளாஸ்னு ஒரு எழுத்து இருக்கும். எஸ்.டி.ன்னா 38 டிகிரி வரைக்கும், டி.ன்னா 43 வரைக்கும் வெளிச் சூட்டைத் தாங்குற மாதிரி வடிவமைச்சது. நம்ம ஊருக்கு டி. பாத்து எடுங்க. ஆனா வெயில்ல பூட்டி நிப்பாட்டின வண்டிக்குள்ள 43-ஐ சாதாரணமா தாண்டிடும், அந்த நேரத்துல எந்த வீட்டு ஃப்ரிட்ஜும் முக்கி முக்கித்தான் ஓடும். கூரையில ஒரு எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன் ஓடிக்கிட்டு இருந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

அலமாரிக்குள்ள ஃபிட்டா இருக்கட்டும்னு கார்பெண்டர் நாலு பக்கமும் பலகை அடைச்சு வேலையை முடிச்சுடுவாரு, பாக்க அழகாத்தான் இருக்கும். இப்ப வர்ற ஃப்ரிட்ஜ்கள்ல சூட்டை வெளியேத்துற குழாய் பின்னால தெரியாது, ரெண்டு பக்கச் சுவருக்குள்ள ஓடும். கைய வச்சுப் பாருங்க, சுடும். பக்கத்துலயும் பின்னாலயும் மேனுவல்ல சொன்ன இடைவெளி விட்டு, கீழ காத்து நுழைய ஒரு ஓட்டை, மேல வெளிய போக ஒண்ணு, முடிஞ்சா கம்ப்யூட்டர்ல இருக்கிற மாதிரி ஒரு 12 வோல்ட் ஃபேன் வச்சுடுங்க.

குலுக்கல், கதவு, ஸ்க்ரூ

கம்ப்ரெசர் இரும்புக் கூட்டுக்குள்ள ஸ்பிரிங்ல தொங்கிக்கிட்டு இருக்கு, நிமிர்ந்து நிக்கிற வரைக்கும் ரோட்டுக் குலுக்கலை ஓரளவுக்குத் தாங்கும். மாட்டுறப்ப படுக்க வச்சுத் தூக்கிட்டு வந்திருந்தா நிமித்தி சில மணி நேரம் விட்டுட்டு ஆன் பண்ணுங்க, ஆயில் கீழ இறங்கணும். சிம்பாங் பூலாய் வழியா கேமரன் ஏறுறப்ப முதல்ல வேலையைக் காட்டுறது கதவுதான். காந்த ரப்பர் மட்டும் வளைவுல நிக்காது. நல்லா பூட்டுற கொண்டி ஒண்ணு வேணும், பிள்ளைங்க தொறக்காம இருக்க விக்கிற ஸ்ட்ராப்கூட போதும். கண்ணாடித் தட்டுக்கு அடியில ரப்பர் ஷீட் போடுங்க, கதவுல கனமான பாட்டில் வைக்காதீங்க.

ரொம்ப முக்கியமானது ஒண்ணு. ஃப்ரிட்ஜ் நகராம இருக்க பக்கச் சுவர்ல பிராக்கெட் வச்சு ஸ்க்ரூ அடிக்கவே கூடாது. மேல சொன்ன அந்தக் குழாய் அங்கதான் ஓடுது. ஒரு ஸ்க்ரூ அதுல பட்டா கேஸ் போயிடும், ஃப்ரிட்ஜே அவ்வளவுதான். இப்ப பெரும்பாலான வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கிறது ஆர் 600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், லைட்டர் கேஸோட குடும்பம். அளவு கொஞ்சம்தான், ஆனா காத்தை விட கனமானது, வேன் மாதிரி அடைச்ச இடத்துல தரையோட தேங்கும். கால் இருக்கிற இடத்துல தரையோட பிடிச்சு, மேல பெல்ட் போட்டு சுவத்தோட கட்டுங்க.

வயரிங்

1,000 வாட்டை 12 வோல்ட்ல எடுத்தா 83 ஆம்பியர், நஷ்டமும் சேர்த்தா 95 பக்கம் வரும். வீட்டு சுவத்துக்குள்ள ஓடுற வயரை வச்சு இதைச் செய்ய முடியாது. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவுல ஒண்ணு ரெண்டு மீட்டருக்கு மேல போகாம 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், பேட்டரி முனைக்குப் பக்கத்துலயே ஃபியூஸ். கேபிள் மெல்லிசா இருந்தா பேட்டரி ஃபுல்லா இருந்தும் கம்ப்ரெசர் கிளம்புற நேரத்துல வோல்டேஜ் விழுந்து இன்வெர்ட்டர் கட் ஆகும், ஆளு பேட்டரி மேல சந்தேகப்பட்டு புதுசு வாங்கிட்டு வருவாரு.

230 வோல்ட் பக்கத்துக்கு ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானே கட் பண்ற சுவிட்ச்) வேணும், ஆனா பல இன்வெர்ட்டர்ல நியூட்ரலும் எர்த்தும் சேராம மிதந்துக்கிட்டு இருக்கும், அப்படி இருந்தா ஆர்.சி.சி.பி. மாட்டியும் பிரயோஜனம் இல்ல, ட்ரிப் ஆகாது. இந்த ஒரு வேலையை மட்டும் லைசன்ஸ் இருக்கிற வயர்மேன்கிட்ட கொடுங்க. வண்டி அமைப்பை மாத்துறதுக்கு ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி, புஸ்பாகோம் சோதனை எல்லாம் தனி விஷயம், அதையும் முடிச்சுட்டுதான் ரோட்டுல இறங்கணும்.

அப்ப யாருக்கு எது?

சனி ஞாயிறு மட்டும் போற வேன், ரெண்டு மூணு பேர்னா 12 வோல்ட் கம்ப்ரெசர் ஃப்ரிட்ஜ்தான் என் கணக்குல சரி, விலை கூட இருந்தாலும். லோரி, பஸ் சைஸ் வண்டி, பெரிய குடும்பம், கூரையில 600 வாட்டுக்கு மேல பேனல் போட இடம், 200 ஆம்பியர்-அவருக்கு மேல லித்தியம் ஏற்கனவே இருக்குன்னா வீட்டு இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ் நல்ல பேரம், ரெண்டு கதவோட ஃப்ரீசரும் கிடைக்குது. வாரண்டி மட்டும் எதிர்பாக்காதீங்க, வீட்டு உபயோகத்துக்குன்னு மேனுவல்லயே போட்டிருக்கும்.

இன்சுலின் வைக்கிறவங்க கவனம்: அதுக்கு 2-ல இருந்து 8 டிகிரி வேணும், உறைஞ்சா வீண். ஃப்ரீசர் காத்து நேரா விழுற மேல் தட்டுல வைக்காதீங்க. உணவுக்கு 5 டிகிரிக்குக் கீழ இருக்கணும், கரண்ட் போனா கதவைத் தொறக்காம விட்டா நாலு மணி நேரம் வரைக்கும் பரவாயில்ல, சூடான வண்டிக்குள்ள அதை விடக் கம்மின்னு வச்சுக்கோங்க. பத்து, பதினஞ்சு வெள்ளிக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி நடுத் தட்டுல போட்டு வைங்க.

முதல் பயணத்துக்கு முன்ன வீட்டு வாசல்லயே ஒரு ராத்திரி சோதிச்சுப் பாருங்க. சாமான் நிரப்பி, பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியில மட்டும் 12 மணி நேரம் ஓட விடுங்க. காலையில பேட்டரி மானிட்டர் 60 ஆம்பியர்-அவர் சுத்தி செலவு காட்டினா கணக்கு சரியா இருக்கு. 100-ஐத் தாண்டியிருந்தா ஃப்ரிட்ஜ் பிளக்கைக் கழட்டிட்டு இன்வெர்ட்டரை மட்டும் ஆன்ல வச்சு அது சும்மா எவ்வளவு தின்னுதுன்னு முதல்ல பாருங்க, அது சரின்னா அடுத்து கதவு ரப்பரையும் பின்னால இருக்கிற காத்தோட்டத்தையும் பாருங்க.